உப்பும் மாசுதான்: சூழல் மாசு பற்றி ஓர் எளிய அறிமுகம்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்போம். அந்த உப்பே குப்பையாகிப்போன கதை ஒன்று கொங்கு நாட்டில் உண்டு. சூழல் மாசு என்றால் என்ன என்று முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு நான் அங்கிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன். காற்று மாசு, நீர் மாசு, நில மாசு, ஒலி மாசு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த பட்டியல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது கொஞ்சம் காத்திருக்கட்டும்.

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல்பரப்பில் லேசாக எதிர்மின்னூட்டம் வந்துவிடும். அதற்குப் போடுகிற சாயமும் கரைந்த நிலையில் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயம் துணிக்குப் பக்கத்திலேயே வராது. தொட்டியில் உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கி, சாயம் போய் ஒட்டிக்கொள்ளும். விசேஷமான ரசாயனம் எதுவும் வேண்டாம், சாதாரணச் சோற்றுப்பு போதும். அல்லது சோடியம் சல்பேட். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்நிறம் வேண்டுமானால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60, 80 கிராம் கூடப் போகும். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், உப்பு ஏறாது. போட்டதெல்லாம் அலசிய தண்ணீரோடு வெளியே வரும்.

அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யலில் விழுந்தது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றில் வந்த சாயக்கழிவு அதில் தேங்கி நின்றது. அணையில் தண்ணீர் இல்லையே என்று விவசாயிகள் போராடித்தான் நமக்குப் பழக்கம். இங்கே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, உப்பு என்ன விஷமா? தினமும் சாப்பிடுகிறோமே? மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி ஜாடியில் போட்டு வைத்தால் மறுநாள் பாருங்கள், துண்டுகள் சுருங்கி அடியில் தண்ணீர் விட்டிருக்கும். மாங்காய்க்குள் இருந்த நீரை வெளியே இருக்கிற உப்பு இழுத்துவிட்டது. வயலில் வேருக்கும் இதுதான் நடக்கிறது. வழக்கமாக மண்ணின் ஈரத்தை விட வேரின் உள்ளே உப்புச்சத்து அதிகம், அதனால் தண்ணீர் தானாக உள்ளே போகும். மண்ணில் உப்பு ஏற ஏற அந்த ஓட்டம் குறையும், நிற்கும். வயலில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் தாகத்தில் வாடும். இன்னொரு பக்கம், உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். அப்புறம் நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காது.

சாயக்கழிவு என்றதும் எல்லோர் கண்ணுக்கும் படுவது சிவப்பும் நீலமுமாக ஓடுகிற ஆறு. நிறத்தை நீக்குவது ஒப்பீட்டளவில் சுலபம். ஆரம்பத்தில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த அளவோடு நின்றன. வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால்தான் கரிக்கும். கரைந்த உப்பைப் பிரிக்க வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் போன்ற சவ்வு வடிகட்டிகள் பெரிய அளவில் வேண்டும். அதிலும் மிஞ்சுகிற கரிப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். வற்றிய பிறகு கிடைக்கும் உப்புக் குவியலை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி.

மாசு என்றால் அழுக்கு, துர்நாற்றம், விஷம் என்ற எண்ணத்தை இந்த ஓர் உதாரணமே அசைத்துவிடும் என்று நினைக்கிறேன். நல்ல பொருளும் மாசாகலாம். அது எங்கே போய்ச் சேர்ந்தது, எவ்வளவு, எத்தனை நாள் அங்கே தங்கும், எந்த உயிரின் உடம்புக்குள் போகிறது என்று நாலு கேள்வி கேட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். காற்று மாசு, நீர் மாசு என்ற பெயர்களெல்லாம் அது இப்போது தங்கியிருக்கும் முகவரி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும். குப்பை மேட்டில் எரிகிற டயர் காலையில் காற்று மாசு, மழை பெய்ததும் நீர் மாசு, கரி படிந்த பிறகு நில மாசு.

விடியற்காலையில் மிதக்கும் மீன்கள்

எங்கள் பக்கத்து ஏரியில் ஒரு நாள் காலை கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரோ ராத்திரியில் விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் முதல் சந்தேகம் விஷத்தின் மேல்தான் போகும். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு.

வீட்டுக் கழிவுநீர் ஏரியில் விழுகிறது. அதில் அப்படியொன்றும் கொடிய விஷம் இருக்காது. சோறு வடித்த கஞ்சி, சோப்பு நுரை, மலஜலம். ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய இருக்கும், அதாவது நாம் வயலுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற உரம். உரம் கிடைத்தால் பாசி சும்மா இருக்குமா? ஏரி பச்சைப் பசேல் என்று ஆகிவிடும், கூடவே ஆகாயத்தாமரை பாய் விரித்துவிடும். பகலில் வெயில் இருக்கும்வரை நுண்பாசி ஆக்சிஜனை வெளியிடும். சூரியன் மறைந்ததும் அதுவும் நம்மைப் போல ஆக்சிஜனை உள்ளே இழுக்கிற பிராணிதான். மடிந்த பாசியைத் தின்கிற பாக்டீரியா கூட்டமும் இரவு முழுக்க இழுக்கும். ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் வருவதற்குச் சற்று முன்பு. முந்தின நாள் மேகமூட்டமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். அது ஐந்துக்குக் கீழே போனாலே பல மீன்களுக்குச் சிரமம், இரண்டுக்குக் கீழே போனால் மூச்சுத் திணறல். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கெண்டை முதலில் போகும். விராலும் பனையேறிக் கெண்டையும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் அவற்றால் தலையை வெளியே நீட்டிக் காற்றையே நேரடியாகக் குடிக்க முடியும். மாசு எல்லா உயிரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பது இங்கே கண்கூடு. பத்துப் பதினைந்து வகை மீன் இருந்த ஏரியில் மூன்று நான்கு வகை மட்டும் கொழுத்துத் திரியும். மீன் இருக்கிறதே, ஏரி நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்வோம்.

அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் வெந்நீரை வெப்ப மாசு என்று தனித் தலைப்பில் படிப்பார்கள். இதே கதைதான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். சூட்டில் மீனின் உடம்போ அதிக ஆக்சிஜன் கேட்கும்.

மூச்சில் போவது

காற்றுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் மூண்ட புகையில் விமான நிலைய ஓடுதளமே தெரியாமல் போய், விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பழைய பாயும் துடைப்பமும் எரித்த காலத்தில் கிளம்பிய புகை வேறு. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை வேறு. ஜனவரி மாதத்துக் குளிரில் தரையை ஒட்டிய காற்று மேலே எழாமல் மூடி போட்டது போலத் தங்கிவிடும். புகை போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும்.

புகையில் நம் கண்ணை எரிக்கும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்து, சளியாக வெளியே தள்ளிவிடும். கவலைப்பட வேண்டியது பி.எம். 2.5 என்று செய்திகளில் வருகிற நுண்துகள்தான். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சின்னது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அதிலும் மிகச் சிறியவை ரத்தத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். இருமல், ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பும் பக்கவாதமும் காற்று மாசின் கணக்கில் சேர்வது இதனால்தான். ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட அளவு 40.

வெளிக்காற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம், வீட்டுக்குள்ளே? ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றி வைக்கிற ஒரு கொசுவத்திச் சுருள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகளை விடக்கூடும் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. விறகடுப்பு முன்னால் ஆயுசு முழுக்க உட்கார்ந்த நம் பாட்டிகள் ஒரு பீடிகூடப் பிடிக்காமலேயே நெஞ்சு இழுத்து இருமியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பறவைகள் நம்மைவிட விரைவாக மாட்டிக்கொள்ளும். பறக்க நிறைய ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அவற்றின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காற்றை நன்றாக எடுத்துக்கொள்கிற அந்த உறுப்பு கெட்ட காற்றையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவியைக் கூண்டோடு எடுத்துப் போனார்கள். 1986 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. குருவி கம்பியிலிருந்து விழுந்தால் ஆட்கள் மேலே ஓடிவர வேண்டும்.

உடம்பை விட்டுப் போகாதவை

உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் சிறுநீரில் போய்விடும். சில பொருள்கள் அப்படிப் போகாது. டி.டி.டி. பூச்சிமருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உள்ளே போனால் கொழுப்பில் ஒளிந்துகொள்ளும். நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, பெரிய மீனைப் பறவை தின்கிறது. ஒவ்வொன்றும் தன் ஆயுளில் தின்ற அத்தனையின் நஞ்சையும் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த வாய்க்குப் போகிறது. பாடநூல்களில் வரும் ஒரு புகழ்பெற்ற கணக்கில், தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.000003 பங்கு இருந்த டி.டி.டி., மீன் தின்னும் பறவையின் உடம்பில் 25 பங்காக நிற்கிறது. பல லட்சம் மடங்கு. தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் நல்ல தண்ணீர் என்று சான்றிதழே கொடுத்திருப்பார்கள். பறவைக்கு உடனே சாவு வராது. அதன் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்காரும்போது உடைந்துவிடும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் இது மனிதர்கள் வரை வந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. முதலில் ஊர்ப் பூனைகள் ஆடத் தொடங்கின. தள்ளாடி, துள்ளி, சில கடலில் விழுந்து செத்தன. மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்த பூனைகள் அவை. 1956இல் மனித நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது: கை நடுக்கம், பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல். நோயின் சுவடே பெரிதாகத் தெரியாத தாய்மாருக்கு மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. தாயின் உடம்பிலிருந்த பாதரசம் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போயிருந்தது. கழிவு விடுவது 1968 வரை நிற்கவில்லை.

மருந்துகூட இந்த வழியில் வரும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் கொஞ்சம் அருவருப்போடு சொல்கிற பாறுகள் 1980களில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தன. 1990களில் அவை திடீரென்று உதிரத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. கிருமியா, பூச்சிமருந்தா என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு 2004இல் விடை கிடைத்தது. டைக்ளோஃபெனாக், மூட்டுவலி என்றால் நமக்கும் போடுகிற அதே வலி மருந்து. நோவில் கிடக்கும் மாட்டுக்கு அந்த ஊசியைப் போடுவார்கள், மாடு பிழைக்காமல் போனால் பாறுகள் வந்து தின்னும். அவற்றின் சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்காது. யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் வெள்ளைப் பொடியாகப் படிந்து சில நாளில் சாகும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனத்தை அழிக்கப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு சடலத்துக்குப் பல டஜன் பாறுகள் வந்து இறங்கும் அல்லவா? அவை போனதும் சடலங்கள் கிடந்து நாறின, தெருநாய்கள் பெருகின. கால்நடைக்கு அந்த மருந்தைத் தருவதை 2006இல் இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

இதைக் காற்று மாசு, நீர் மாசு, நில மாசு என்று எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? எனக்குத் தெரிந்து எதிலும் அடங்காது.

பொருளே இல்லாத மாசு

சத்தத்தையும் வெளிச்சத்தையும் கையில் பிடிக்க முடியாது. ஆனாலும் இரண்டும் மாசுதான். ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு: 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. 20 கூடினால் நூறு மடங்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது சட்டத்திலுள்ள வரம்பு. திருவிழா ஒலிபெருக்கிக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர் காதில் விழவில்லை. நம் உட்செவியிலுள்ள மயிர்ச்செல்கள் பேரிரைச்சலில் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். கொடுத்து வைத்தவை.

ஆனால் பறவைகளுக்குப் பிரச்சினை செவியோடு முடிவதில்லை. அதிர்ந்து எழுந்து கூட்டை விட்டுப் பறந்தால் முட்டையும் குஞ்சும் காக்கைக்கு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மழைக்காலத்தில் அங்கே கூடு கட்ட வரும் பறவைகளுக்காக அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கலாம். ஆண்டின் முதல் மூன்று நான்கு மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டிச் சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். சுமார் 45 நாள் கழித்துக் குஞ்சுகள் இரவிலேயே வெளியே வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. தாழ்வாக, வெளிச்சமாகத் தெரிகிற திசையை நோக்கி நகர வேண்டும் என்ற ஒன்றுதான் அதற்குத் தெரியும். மின்விளக்கு இல்லாத காலத்தில் நிலவும் நட்சத்திரமும் பட்டு மினுங்கும் கடல்தான் அந்த வெளிச்சம். இப்போது தெருவிளக்கும் பங்களா வாசல் விளக்கும் அதைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைப் பக்கம் நடக்கும். வண்டியில் அடிபடும், நாய் வாயில் போகும், இல்லையென்றால் விடிந்ததும் வெயிலில் காயும்.

1988 முதல் கல்லூரி மாணவர்கள் அந்த மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, கூடுகளைத் தேடி முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் இதைச் செய்கிறது. நொய்யல் வயலில் படிந்த உப்பு எத்தனை மழைக்குக் கழுவப்படுமோ, டி.டி.டி. மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், பாதரசம் சிதைவதே இல்லை. இந்த ஒரு மாசு மட்டும், சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் அந்தக் கணமே இல்லாமல் போய்விடும். ஆமை நடையில் கலந்துகொள்ளப் போகிறவர்களிடம் முதலில் சொல்வதும் கைவிளக்கை அணைத்துவிட்டு வாருங்கள் என்பதைத்தான். கொஞ்ச நேரம் இருட்டில் நின்றால் கண் பழகிவிடும், மணலில் ஆமை இழுத்துப்போன தடம் தானாகவே தெரியும்.